இளந்தத்தனுக்காகப் பேசியவர்

உறையூருக்குள் புலவர் ஒருவர் நுழைந்தார். இளந்தத்தன் என்பது அவர் பெயர். அவர் வந்தது சோழன் நலங்கிள்ளியிடமிருந்து. உறையூரில் அப்போது இருந்தவனோ நலங்கிள்ளியின் பகைவனாகிய நெடுங்கிள்ளி. இருவரும் சோழர், இருவர்க்கும் இடையே போர் மூண்டிருந்த காலம். பகைப்புலத்திலிருந்து வந்த இவரை ஒற்றர் என்று கொண்டு கொல்லத் துணிந்தான் நெடுங்கிள்ளி. அவ்வேளையில் கோவூர்கிழார் என்னும் புலவர் இடைபுகுந்து ஒரு பாட்டுச் சொன்னார். இளந்தத்தன் உயிர் பிழைத்தார். புறநானூற்றின் 47-ஆம் பாட்டும் அதன்கீழ் உள்ள பழங்குறிப்பும் நமக்குத் தரும் செய்தி இவ்வளவே.

பள்ளியில் இதனைப் படித்த நாளில், புலவர் சொல்லுக்கு மன்னர் செவிசாய்த்த பெருமைக்கு இது சான்று என்று கொண்டோம். இச்சங்கத்தின் மேடையிலும் ஒருமுறை அவ்வாறே பேசியுள்ளோம். அப்பாட்டை வேறொரு கண்கொண்டு படிக்க நேர்ந்தது அண்மையில்தான். அதற்குக் காரணம் நண்பர் ஒருவர் எழுப்பிய வினா.

நண்பர் நம்மினும் மூத்தவர். தணிக்கைப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு மாலைகளில் சங்க நூலகத்தில் செய்தித்தாள்களைப் பிரித்துப் படித்து, கணக்குச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு செய்தியையும் சரிபார்ப்பது அவர் வழக்கம். அன்று அவர் கண்ணில் பட்டது அசாமில் அயல்நாட்டவர் எனத் தடுத்து வைக்கப்பட்டோருக்கு அரசுச் செலவில் வழக்கறிஞர் அமர்த்துவதைப் பற்றிய செய்தி.

“என்ன தம்பி இது? கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவனுக்கு வீட்டுக்காரன் செலவிலேயே வக்கீலா? நம் ஊர் ஏழைக்கு வக்கீல் கிடைத்துவிட்டதா?” என்றார்.

“சட்டம் அப்படி இருக்கிறது, அண்ணா” என்றோம்.

“சட்டம் இருக்கட்டும். நியாயம் இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள்.”

அன்று நம்மிடம் விடை இல்லை. மலரின் ஆசிரியர் குழு கட்டுரை கேட்டபோது, அவ்விடையைத் தேடிப் பார்ப்பதே தக்கது என்று தோன்றிற்று.

முதற்கண் ஒன்றைச் சொல்லிவிடல் வேண்டும். நாம் மைய அரசின் ஊழியர். 1964-ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் அரசின் கொள்கையைப் பொதுவில் குறைகூற நம்மை விடா. இங்கு அதற்குத் தேவையும் இல்லை. யார் இந்நாட்டில் தங்கலாம், யார் வெளியேற வேண்டும் என்று முடிவு செய்வது அரசின் உரிமை. அயல்நாட்டவரை வெளியேற்றும் ஆற்றல் அரசுக்கு வரையறையின்றி உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1955-லேயே தீர்ப்பளித்தது. அதனை நாம் மறுக்கவில்லை. அவ்வுரிமை செலுத்தப்படும் இடத்தில், எதிரே நிற்பவர் சார்பில் பேச ஒருவர் வேண்டுமா, வேண்டின் அவர்க்குக் கூலி யார் தருவது என்பதே நண்பரின் வினா. அவ்வினாவை விட்டு விலகாமல் செல்வோம்.

சட்டத்தை நண்பர் ஒதுக்கிவிட்டாலும் அதன் சொற்களில் ஒரு நுட்பம் இருக்கிறது. கோப்புகளோடு வாழ்பவர்க்கு அது சுவையானது. நம் அரசியலமைப்பில் சில உரிமைகள் குடிமக்களுக்கு மட்டும் உரியவை. பேச்சுரிமை, எங்கும் குடியேறும் உரிமை ஆகியவற்றைச் சொல்லும் 19-ஆம் உறுப்பு அத்தகையது. சட்டத்தின் முன் சமம் என்னும் 14-ஆம் உறுப்பும், உயிரும் உடலுரிமையும் காக்கும் 21-ஆம் உறுப்பும் ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை. ‘எந்த ஆளும்’ என்றே சொல்கின்றன. 42-ஆம் திருத்தத்தின் வழியே 1976-இல் 39-அ என்னும் உறுப்பு சேர்க்கப்பட்டு, இலவசச் சட்ட உதவி அரசின் கடமையாயிற்று. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்பே, பாலக்காட்டில் பிறந்த வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில் ஒரு குழு இதுபற்றி அறிக்கை அளித்திருந்தது. ஆனால் 39-அ உறுப்பின் சொற்களை ஊன்றிப் பார்த்தால், நீதி மறுக்கப்படலாகாது என்னுமிடத்தில் ‘எந்தக் குடிமகனுக்கும்’ என்றே இருக்கிறது. நண்பர் கட்சிக்கு இது வலுவான சான்று. ஆயின் அவ்வுறுப்பைச் செயற்படுத்த வந்த 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டமோ, 12-ஆம் பிரிவில், ‘ஒவ்வோர் ஆளும்’ என்று தொடங்குகிறது. உதவிக்கு உரியோர் வரிசையில் பெண்களும் குழந்தைகளும் வருகின்றனர். காவலில் இருப்போரும் வருகின்றனர். காவலில் இருப்பவர் எந்நாட்டவர் என்ற கேள்வி அங்கு இல்லை. சட்டத்தை எழுதியவர் ஒரு சொல்லை மாற்றினார். அம்மாற்றத்தில் இலட்சக்கணக்கானோர் உள்ளே வந்துவிட்டனர்.

தெரியாமல் மாற்றினாரா, தெரிந்தே மாற்றினாரா? நாம் அறியோம். தெரிந்தே மாற்றியிருப்பின், அவர் நெஞ்சில் இருந்திருக்கக் கூடிய காரணம் யாது?

அதனைக் காண அசாமுக்குத்தான் செல்ல வேண்டும். அங்கு ஒருவர் அயல்நாட்டவரா என்று தீர்மானிப்பவை 1964-ஆம் ஆண்டின் ஆணைப்படி அமைந்த அயல்நாட்டவர் தீர்ப்பாயங்கள். பிற வழக்குகளில் குற்றம் சாட்டுபவரே மெய்ப்பிக்க வேண்டும். இங்கோ, ‘நான் அயலான் அல்லேன்’ என்று மெய்ப்பிக்கும் சுமை ஐயுறப்பட்டவர் தலையில். 1946-ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டம் அவ்வாறு வைத்தது. அதற்கு மாற்றாக வந்த 2025-ஆம் ஆண்டின் சட்டமும் அவ்வாறே வைத்துள்ளது. தாமோ தம் முன்னோரோ 1971 மார்ச் 25-க்கு முன்பே அங்கு இருந்தனர் என்று ஆவணத்தால் காட்ட வேண்டும். 1966, 1970 ஆகிய ஆண்டுகளின் வாக்காளர் பட்டியல், நிலப்பத்திரம், பள்ளிச் சான்றிதழ் என்று தேடித் திரிய வேண்டும். பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் கரையை விழுங்கும் நாடு அது. வீடு போகும் வெள்ளத்தில் பெட்டியும் போகும்.

பெண்கள் நிலை இன்னும் இடர்மிக்கது. பழைய பட்டியலில் தந்தை பெயர் ஓரூரில் இருக்கும்; மணமாகி வேற்றூர் போன பின்னரே இவர் பெயர் கணவர் பெயரோடு பட்டியலில் ஏறியிருக்கும். ‘இன்னார் மகள் இவர்’ என்று காட்டும் தாள் ஏது? ஊராட்சிச் செயலர் தந்த சான்றிதழை அதற்கு ஏற்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்று, தக்கவாறு சரிபார்த்து ஏற்கலாம் என்று 2017-இல்தான் முடிவாயிற்று. அதுவரை எத்தனை மகள்கள் தந்தையின்றி நின்றிருப்பர் என்று எண்ணிப் பாருங்கள்.

அழைப்பாணை வந்த நாளில் செல்லவில்லையெனில் ஒருதலையாகத் தீர்ப்பாகிவிடும். 1985 முதல் 2019 பிப்ரவரி வரை அசாமில் இவ்வாறு ஒருதலையாக அயல்நாட்டவர் என்று அறிவிக்கப்பட்டோர் 63,959 பேர் என்று 2019 ஜூலையில் மக்களவையில் அரசே விடையளித்தது. செல்லாதவர் எல்லாரும் குற்றமற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. ஓடி ஒளிந்தவரும் அதில் இருப்பர். நோயில் கிடந்தவர், செங்கற்சூளைக்குப் பிழைக்கப் போனவர், ஆணையின் மொழியைப் படிக்க இயலாதவர் ஆகியோரும் இருப்பர். ஒரே எண்ணிக்கைக்குள் அடங்கிய இவர்களைப் பிரித்தறிய யாரேனும் ஒருவர் ஒவ்வொரு தாளாக எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

இங்கே நம் தொழிலில் நேர்ந்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்ல நாணமாகத்தான் இருக்கிறது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நாம் ஓய்வூதியப் பிரிவில் இருந்தோம். கடைநிலை ஊழியர் ஒருவர் இறந்துபோனார். கர்வால் மலையைச் சேர்ந்த அவர் மனைவியார் குடும்ப ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்தார். பணிப்பதிவேட்டில் இந்தியில் இருந்த குடும்ப விவரத்தை ஆங்கிலப் படிவத்தில் பெயர்த்தெழுதியவர் நாமே. அவ்வாறு எழுதுகையில் அம்மையாரின் பெயரில் ஓரெழுத்து மாறிற்று. பிறகு வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டபோது, ‘பெயர் ஒவ்வவில்லை, விளக்கம் பெறுக’ என்று கோப்பில் குறிப்பு எழுதியவரும் நாமே. எட்டு மாதங்கள். மாதந்தோறும் அவர் மகனோடு வருவார். நடைவழியில் உள்ள முக்காலியில் அமர்ந்திருப்பார். நாம் கடிந்து பேசியதில்லை. குடிக்க நீர்கூடக் கொடுத்ததுண்டு. விதிப்படி இயலாது என்று பொறுமையாக விளக்கினோம். நம் நெஞ்சில் தீங்கு ஏதும் இல்லை. ஐயமும் இல்லை, அதுதான் கேடு.

அலுவலக வாயிலில் வேப்பமரத்தடியில், ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர் ஒருவர் முதியோர்க்குப் படிவங்கள் நிரப்பித் தருவார். கூலி வாங்கமாட்டார். ஒன்பதாம் மாதம் அவர் அம்மையாரோடு உள்ளே வந்தார். “மூலத்தைப் பார்த்தாயா, பேட்டா?” என்று கேட்டார். பார்க்கவில்லை. எட்டு மாதமும் நகலை நகலோடு ஒப்பிட்டுக் கொண்டிருந்தோம். பதிவேடு வந்தது. அவர் விரல் வைத்த இடத்தில் சரியான பெயர் இருந்தது. பிழை நம் கையெழுத்தில் இருந்தது.

அம்மையார் ஒன்றும் சொல்லவில்லை. கைகூப்பிவிட்டுப் போனார். அந்த எட்டு மாதத்தில் அவர் என்ன உண்டார், யாரிடம் கடன் பட்டார் என்று நாம் கேட்கவில்லை.

அந்நிகழ்ச்சிக்குப் பின் ஓர் உண்மை உள்ளே உறைத்தது. நேர்மையான அலுவலர் இருக்கையில் இவர்க்குத் துணை எதற்கு என்பார் உளர். அலுவலர் நேர்மையாய் இருந்தும், தம் இருக்கையிலிருந்து அவர் காண இயலாத ஒரு பக்கம் கோப்பில் இருக்கிறது. அதனைக் காண மேசையின் மறுபுறத்தில் ஒருவர் நின்றாக வேண்டும். கைம்பெண்ணான அவ்வம்மையாரால் அது இயன்றிலது, எழுத்தறியார். விதியறிந்த ஒருவர் அவர் பக்கம் நின்ற நாளில்தான் நமக்கே நம் பிழை தெரிந்தது. அத்தலைமை எழுத்தர் அம்மையாருக்கு மட்டுமா உதவினார்? நமக்கும் உதவினார் என்றே இன்றுவரை எண்ணுகிறோம்.

பெயரில் ஓரெழுத்து என்றதும், தலைநகரில் வாழும் நம்மவர் ஒவ்வொருவர்க்கும் ஒரு கதை நினைவுக்கு வரும். தலைப்பெழுத்தோடு வந்தோம். ‘சர்நேம்’ யாது என்று கேட்டனர். தந்தை பெயரைக் கொடுத்தோம். அது குடும்பப் பெயராகிவிட்டது. பள்ளிச் சான்றிதழில் ஒன்று, வருமானவரி அட்டையில் ஒன்று, குடும்ப அட்டையில் ஒன்று என்று மூன்று பெயரில் நாம் ஒருவரே நடமாடுகிறோம். பிள்ளையின் பள்ளிச் சேர்க்கைக்கு முத்திரைத்தாள் வாங்கி, நோட்டரியிடம் சென்று, ‘இம்மூவரும் ஒருவரே’ என்று உறுதிமொழி எழுதித் தந்தோம். அரைநாள் விடுப்பும் சில நூறு உருவாவும் அதற்குப் போதும். இதே மாறுபாடு அங்குத் தீர்ப்பாயத்தில் வந்தால் என்ன ஆகும்? 2012-இல் ஒருதலையாக அயல்நாட்டவர் என்று அறிவிக்கப்பட்ட ஒருவரின் வழக்கை 2024 ஜூலையில் முடித்த உச்ச நீதிமன்றம், பெயரின் எழுத்திலும் நாளிலும் உள்ள சிறு வேறுபாடுகளைக் கொண்டு ஒருவரை அயலார் எனத் தள்ளுதல் ஆகாது என்றது. அவரை இந்தியக் குடிமகன் என்றே அறிவித்தது. இடையில் கழிந்தவை பன்னிரண்டு ஆண்டுகள். ஊர் நடுவே வீட்டில் இருந்துகொண்டு நாம் முத்திரைத்தாள் வாங்கலாம். மதில் சூழ்ந்த இடத்தில் இருப்பவர் யாரை அனுப்பி வாங்குவார்?

மதில் என்றது வெறும் அணியன்று. பல ஆண்டுகள் அசாமில் தடுப்பு மையங்கள் என்று தனியே இல்லை. கோல்பாரா, கோக்ராஜார், தேஜ்பூர், சில்சர், ஜோர்ஹாட், திப்ரூகர் ஆகிய ஆறு சிறைகளின் ஒரு பகுதியே தடுப்பு மையமாக இருந்தது. கோல்பாரா மாவட்டத்தில் மாட்டியா என்னும் இடத்தில் 3,000 பேருக்கென்று கட்டிய முகாமுக்கு 2023-இன் தொடக்கத்திலிருந்து அவர்களை மாற்றினர். தண்டனை பெற்ற கைதிக்கு விடுதலை நாள் தெரியும். இவர்க்குத் தெரியாது. மூன்றாண்டுக்கு மேல் அடைபட்டிருப்போரை நிபந்தனையோடு விடலாம் என்று 2019 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் வழி திறந்தது. அப்போது ஆளுக்கு ஓரிலட்சமாக இருவர் பிணை நிற்க வேண்டியிருந்தது. அவ்விருவரும் இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும். சரிபார்க்கத் தக்க முகவரி வேண்டும். வாரந்தோறும் காவல் நிலையத்தில் தோன்ற வேண்டும். பெருந்தொற்றுக் காலத்தில், 2020 ஏப்ரலில், மூன்றாண்டு என்பது இரண்டாண்டாயிற்று.

இவ்வாணையால் ஒருவர் வெளிவர வேண்டுமாயின் நிகழ வேண்டியவற்றை எழுத்தர் கண்ணால் பாருங்கள். அவர் உள்ளே வந்த நாளைப் பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டும். ஊருக்குச் சென்று பிணைக்கு இருவரைத் தேட வேண்டும். பிணை நிற்கக் கூடியவர் அவர் சுற்றத்தில் யார்? முகவரியைச் சரிபார்க்க மனுக் கொடுக்க வேண்டும். பத்திரம் எழுத வேண்டும். உரிய அதிகாரியிடம் தாக்கல் செய்து, திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். உச்ச நீதிமன்றம் திறந்த கதவு வரை நடந்து செல்லவே ஒரு துணை வேண்டியிருக்கிறது. சட்ட உதவி என்றவுடன் நீதிமன்றத்தில் முழங்கும் பேச்சை நினைக்கிறோம். அதில் பெரும்பகுதி இத்தகைய நடையும் தாளும்தான். 2024-இல் மாட்டியா முகாமில் போதிய நீரும் துப்புரவும் இல்லை என்பது உச்ச நீதிமன்றத்துக்குத் தெரியவந்ததும், மாநிலச் சட்டப்பணிகள் ஆணையத்தார் நேரில் சென்று பார்த்து எழுதிய அறிக்கையால்தான்.

அது நிற்க. நண்பரின் வினாவுக்கு இன்னும் முழு விடை வரவில்லை. “தவறாக அடைபட்ட இந்தியருக்கு வக்கீல் வைக்கட்டும். மெய்யாகவே எல்லை தாண்டி வந்தவனுக்கு எதற்கு?” என்று அவர் கேட்பார். கேட்கவும் செய்தார்.

இதற்கு எளிய விடை ஒன்றுண்டு. எவர் மெய்யாக வந்தவர் என்பது விசாரணையின் முடிவில் தெரியவேண்டியது. அதனைத் தொடக்கத்திலேயே தெரிந்ததாகக் கொண்டு உதவியை மறுத்தல் எவ்வாறு? செங்கோன்மை அதிகாரத்தைத் தொடங்குகையில் வள்ளுவரும் ஆராய்தலைத்தான் முதலில் வைத்தார். நண்பர் இவ்விடையை ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டு, “ஆராய்ந்தாயிற்று, அயலான் என்று முடிவாயிற்று. இனி?” என்றார்.

இனிதான் கடினம். அயலார் என முடிவானவரையும் அவர் நாடு ஏற்றுக்கொண்டாலன்றி அனுப்ப இயலாது. அவர் எந்நாட்டவர் என்பதை அந்நாடு உறுதி செய்ய வேண்டும், முகவரி வேண்டும். அசாம் முகாமில் அயலார் என்று அறிவிக்கப்பட்ட 63 பேரை அனுப்பாமல் வைத்திருப்பது ஏன் என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநில அரசைக் கேட்டதும் இதனால்தான். அனுப்பவும் இயலாமல் விடவும் விரும்பாமல் ஒருவரை எத்தனை ஆண்டு வைத்திருப்பது? அவர் அயலார் என்பது உண்மையே ஆயினும், இக்கேள்வியைக் கேட்க அவர்க்கு உரிமை உண்டு. ஏனெனில் 21-ஆம் உறுப்பு அவரையும் ‘ஆள்’ என்கிறது. கேட்பதற்கு அவருக்கு நாவில்லை. தமிழகத்திலும், இலங்கையிலிருந்து வந்தோரில் சிலரை அயல்நாட்டவர் சட்டத்தின் கீழ்ச் ‘சிறப்பு முகாம்’ என்னும் பெயரில் திருச்சியில் வைத்திருந்ததை நம்மவர் அறிவர். அங்கு இருந்தோர் எத்தனை முறை உண்ணாவிரதம் இருந்தனர் என்பதும் செய்தியாக வந்ததே. வயிற்றை ஒறுத்துத்தான் ஒரு மனுவைச் சொல்ல முடியும் என்ற நிலை எவ்வளவு கொடியது!

வழக்கறிஞர் இருந்துவிட்டால் வெற்றி என்பதன்று. ஜம்முவில் அடைக்கப்பட்ட ரோகிங்கியரை மியன்மாருக்கு அனுப்புதல் கூடாது என்று கேட்ட மனுவை 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 14, 21 ஆகிய உறுப்புகள் குடிமக்கள் அல்லாதார்க்கும் உண்டு. ஆயினும் வெளியேற்றப்படாதிருக்கும் உரிமை, குடியேறும் உரிமையைச் சார்ந்து குடிமக்களுக்கே உரியது என்றது. உரிய முறைப்படியன்றி அனுப்பலாகாது என்றும் சேர்த்துச் சொன்னது. அவர்கள் தோற்றனர். தோற்றபோதும், அந்தக் கடைசிச் சொற்றொடர் அவர்கள் சார்பில் ஒருவர் நின்று பேசியதால் பிறந்தது.

பிறநாடுகளில் இது எவ்வாறு என்று நோக்கின் பெருமைப்பட ஏதுமில்லை. அமெரிக்காவில் குற்ற வழக்குக்கு 1963 முதல் ஏழைக்கு அரசு வழக்கறிஞர் உண்டு. குடியேற்ற வழக்குக்கு இல்லை. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசுச் செலவில் அன்று என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. 2007 முதல் 2012 வரையிலான பன்னிரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளை ஆராய்ந்தோர், தடுப்புக்காவலில் இருந்தோருள் வழக்கறிஞர் கிடைத்தவர் 14 விழுக்காட்டினரே என்று கண்டனர். நியூயார்க் நகரம் 2013-இல் தன் செலவில் தருவதற்கு ஒரு திட்டம் தொடங்கிற்று. பிரித்தானியாவில் தடுப்பு மையத்தில் இருப்போர் முப்பது மணித்துளி இலவச ஆலோசனை பெறலாம். நம் 12-ஆம் பிரிவு இவற்றினும் விரிந்தது. ஆயினும் தாளில் உள்ள விரிவு முகாமின் உள்ளே எட்டுவதில்லை. உதவி உண்டு என்று உள்ளே இருப்பவர்க்குச் சொல்வார் வேண்டும். கேட்காவிட்டாலும் தரவேண்டும் என்று குற்ற வழக்குகளில் 1986-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தீர்ப்பாய வழக்குகள் குற்ற வழக்குகள் அல்லவே என்ற இடுக்கில் அது நழுவுகிறது. மேலும், முதல் நோக்கில் வழக்கில் பொருள் உண்டு என்று ஆணையம் நிறைவுற வேண்டும் என்கிறது 13-ஆம் பிரிவு. வழக்கில் பொருள் உண்டா என்பதை எடுத்துக்காட்டவே ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்னும்போது என் செய்வது?

‘நம்மவர் வெளிநாட்டில் அடைபட்டால் நாம் கேட்கமாட்டோமா?’ என்றும் ஒரு வாதம் உண்டு. கேட்கிறோம். வெளிநாட்டில் இடருறும் இந்தியர்க்குச் சட்ட உதவி உள்ளிட்டவற்றுக்கென 2009-இல் ஒரு நலநிதியையே நம் அரசு நிறுவியது. இராமேசுவரத்து மீனவர் கடலில் கோடு தாண்டினார் என்று இலங்கையில் சிறைப்பட்டால், அவர்க்காகப் பேச ஆள் இருக்கிறதா என்றுதான் நாம் முதலில் கேட்கிறோம். கோடு தாண்டினாரா என்பதைப் பிறகே கேட்கிறோம். இவ்வாதம் நல்லதுதான். ஆயினும் நமக்கு இதில் முழு நிறைவில்லை. கொடுத்து வாங்கும் வாணிகக் கணக்கு இது. வங்காளதேசம் நம்மவர்க்குத் தரவில்லையெனின் நாமும் தரவேண்டாவா?

நண்பர் தணிக்கையாளர் ஆதலின், செலவுக் கணக்கையே அவர் முன் வைத்தோம். தீர்ப்பாயத்து உறுப்பினருக்குச் சம்பளம் தருவது யார்? அரசு. அரசு சார்பில் பேசும் வழக்கறிஞர்க்கு? அரசு. அழைத்து வரும் காவலர்க்கு, மொழிபெயர்ப்பவர்க்கு, முகாமின் பூட்டுக்கு? எல்லாம் நம் வரிப்பணம். இவற்றுள் எதையும் நாம் ‘இலவசம்’ என்பதில்லை. அவ்வறையில் மீதியுள்ள ஒரே நாற்காலிக்குச் செலவிட்டால் மட்டும் இலவசம் என்கிறோம். அச்சொல்லே நம் சிந்தையைத் திருப்பிவிடுகிறது. நான்கு நாற்காலிக்குச் செலவழித்து ஒரு முடிவை வாங்குகிறோம்; ஐந்தாவதற்குச் செலவழிக்காததால் அம்முடிவு பிழையோ என்று பன்னிரண்டு ஆண்டு கழித்து ஐயுறுகிறோம். தணிக்கையில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டோம். அவர் சிரித்தாரேயன்றி விடை சொல்லவில்லை.

நம் ஊர் ஏழைக்கு வக்கீல் கிடைத்துவிட்டதா என்று அவர் முதலில் கேட்டது மட்டும் அப்படியே நிற்கிறது. கிடைக்கவில்லை. சட்ட உதவி வழக்கறிஞர்க்கு ஒரு வழக்குக்குத் தரும் ஊதியம் எவ்வளவு என்று அறிந்தவர்க்கு, அதில் எவ்வளவு உழைப்பை எதிர்பார்க்கலாம் என்பதும் தெரியும். பெயருக்கு ஒருவர் நின்று, தாளைப் புரட்டாமலே தலையசைத்துவிட்டுப் போவதும் உண்டு. ஆனால் ஒருவர்க்குக் கிடைக்கவில்லை என்பது மற்றவர்க்கு மறுக்கக் காரணம் ஆகுமோ? மேலும் 12-ஆம் பிரிவு அவ்விருவரையும் ஒரே வரிசையில்தான் நிறுத்தியிருக்கிறது. ஒருவர் பெயரை அடித்தால் மையின் கறை அடுத்த பெயரிலும் படும்.

மறுபடி உறையூருக்கு வருவோம். கோவூர்கிழார் என்ன செய்தார் என்று பாட்டைத் திரும்பப் படித்தோம். அவர் இரக்கவில்லை, ‘பாவம், விட்டுவிடு’ என்னவில்லை. புலவர் என்போர் எவ்வாறு வாழ்கின்றனர் என்று எடுத்துச் சொன்னார். வள்ளலைத் தேடி நெடுவழி நடப்பர்; பாடிப் பெற்றதைச் சுற்றத்துக்கு ஊட்டுவர்; சேர்த்து வையார். பிறர்க்குத் தீங்கு நினைக்கும் வாழ்க்கையா இது என்று கேட்டார். பரிசில் தேடுபவர் ஒரு மன்னன் ஊரிலிருந்து மற்றொரு மன்னன் ஊருக்குச் செல்வது அவர் தொழில். ஒற்றுக்கு அடையாளம் அன்று. போரின் வெப்பத்தில் இருந்த நெடுங்கிள்ளிக்கு இது தோன்றியிராது. அவன் ஐயம் காரணமற்றதன்று. அவன் அறியாத ஒன்றை அறிந்தவர் ஒருவர் அருகே வந்து சொன்னார். வேப்பமரத்தடியிலிருந்து வந்து பதிவேட்டில் விரல் வைத்தவரைப் போல. அதற்காக இளந்தத்தனிடம் அவர் ஏதும் பெற்றதாகக் குறிப்பில்லை.

மதுரையில் இவ்வாறு ஒருவர் இல்லாமற் போயினார். கோவலனும் அங்கு அயலான்தான். புகாரிலிருந்து சிலம்பு விற்க வந்தவன். கொல்ல வந்த காவலர்க்கே அவன் முகத்தைப் பார்த்து ஐயம் எழுந்தது என்று சிலம்பு சொல்கிறது. பொற்கொல்லன் பேசி அவ்வையத்தைத் தீர்த்துவைத்தான். கோவலன் சார்பில் பேச அங்கு எவரும் இல்லை. மறுதரப்பின் சான்று அரசவைக்குக் கண்ணகியின் கையில் வந்தது. மாணிக்கப் பரலா முத்துப் பரலா என்று உடைத்துக் காட்டவும் முடிந்தது. ஆனால் தீர்ப்பு நிறைவேறிவிட்டிருந்தது.

சென்ற திங்கள் நண்பரைக் கண்டு இவ்வளவும் சொன்னோம். கோவூர்கிழார் பகுதியைக் கூர்ந்து கேட்டார். பிறகு தம் வழக்கப்படி ஒரு தணிக்கைக் கேள்வி கேட்டார்.

“எல்லாம் சரி, தம்பி. அந்த இளந்தத்தன் மெய்யாகவே ஒற்றனாக இருந்திருந்தால்?”

“இருந்திருக்கலாம், அண்ணா. குறிப்பில் அதுபற்றி ஒன்றுமில்லை.”

“ஒன்றுமில்லையா?”

“கொல்ல இருந்தான், இவர் பாடினார், உயிர் பிழைத்தார். அவ்வளவே.”

அவர் நம்பவில்லை. உரையில் ஏதேனும் இருக்கும் என்று சொல்லி, நூலகத்திலிருந்து புறநானூற்றை எடுத்துச் சென்றார். இதை எழுதும்வரை திருப்பித் தரவில்லை.